பாதித் தண்ணீர்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு வந்த முதல் கோடையில் எனக்கு இருபத்தெட்டு வயது. திருவனந்தபுரத்தில் தம்பானூர் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த விவசாய ஆபீஸில் ஃபீல்டு அசிஸ்டென்ட்டாக இருந்தேன். நாஞ்சில் நாட்டுக்காரன். நெல் தெரியும், வாழை தெரியும். கமுகைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வெற்றிலையோடு பாக்கை மென்றால் வாய் சிவக்கும் என்பதுதான். அப்படிப்பட்டவனைத்தான் கமுகுத் தோட்டக்காரர்களுக்குப் புத்தி சொல்ல அனுப்பினார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. தை பிறப்பதற்குள் வித்துராவுக்கு அப்பால் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒடுங்கிவிட்டன. அவற்றில் ஒரு ஓடையின் கரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து கமுகுத் தோட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் ஓடையின் குறுக்கே மண்ணும் மரத்துண்டும் போட்டு ஒரு அணை கட்டி, தேங்கும் தண்ணீரை உள்ளே திருப்பிக்கொள்வார். ஐந்துக்கும் கீழே கூலிவேலை செய்யும் குடும்பங்களின் குடியிருப்பு. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஓடைதான். தண்ணீர் வந்து சேரவில்லை என்று அங்கிருந்து நாலைந்து பேர் ஆபீஸுக்கு நடந்தே வந்து மனு கொடுத்தார்கள்.

எங்கள் ஆபீஸர் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் குடியிருந்தவர். மனுவைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கமுகுக்கு நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணி விடறா. எட்டு நாளைக்கு ஒரு தரம் விட்டாப் போறும்னு போய்ச் சொல்லும். மிச்சம் தானா கீழே போகும். எனக்கு ரிப்போர்ட் வேணும்."

"மரம் தாங்குமா சார்?"

"மரம்தானே ஓய். கீரைப் பாத்தியா, வாடிப் போறதுக்கு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவ்வளவு உயரமாக நிற்கிற மரம் நாலு நாள் தண்ணீருக்காகச் சாகாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேலே இருந்த மூன்று தோட்டக்காரர்களும் உட்காரச் சொல்லக்கூட இல்லை. ஐந்தாவது தோட்டம் ஒரு வயதான மலையாளியுடையது. அவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, நான் சொன்னதை எல்லாம் கேட்டு, "ஆலோசிக்காம் சாரே" என்று மட்டும் சொன்னார். யோசிக்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம். இடையில் இருந்த நாலாவது தோட்டத்தின் சொந்தக்காரிதான் ஒத்துக்கொண்டார்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். பாக்கு வியாபாரம் செய்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு வித்துராவுக்கு வந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தோட்டத்தை விற்றுவிட்டு ஊரோடு வந்து சேரும்படி இரண்டு வீட்டாரும் சொல்லியும் அவர் போகவில்லை. நானூறு மரம். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

"எங்க ஊர்ல கால்வாய்த் தண்ணிக்கு முறை உண்டு தம்பி. இன்னைக்கு எனக்குன்னா நாளைக்கு உனக்கு. இங்கன அதெல்லாம் கிடையாது. மேல இருக்கவன் மடக்கிட்டா கீழ உள்ளவன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும்" என்றார். பிறகு கேட்டார்: "குறைக்கலாம். எந்த மாசத்துல குறைச்சா மரம் பொறுத்துக்கிடும்? எந்த மாசத்துல குறைக்கக் கூடாது?"

எனக்குத் தெரியாது. ஆனால் கையில் ஆபீஸ் நோட்டுப் புத்தகமும் சட்டைப் பையில் பேனாவும் இருந்தன. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எல்லா மாசமும் ஒண்ணுதான் அக்கா. மரம்லா? பழகிக்கிடும்."

"மரத்து மூட்டுல சருகும் மட்டையும் போட்டு மூடட்டுமா? ஈரம் நிக்கும்."

"அதெல்லாம் வேண்டாம். கரையான் ஏறும்" என்றேன். உத்தரவில் சருகைப் பற்றி ஒன்றும் இல்லை, அதனால்தான்.

மாசி முதல் வாரத்தில் அவர் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார்.

அங்கே தண்ணீர் விடுகிற முறையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவில் ஒரு வாய்க்கால். ஓடைத் தண்ணீரை அதில் நிரப்பி, ஒரு ஆள் உள்ளே இறங்கி நின்று, கமுகம்பாளையால் செய்த கோருவையால் வலப்பக்கமும் இடப்பக்கமும் அள்ளி மரத்தின் அடியில், மூட்டில், வீசிக்கொண்டே போவார். அக்காவின் தோட்டத்தில் இந்த வேலையைச் செய்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மலையாளி. ஆபீஸுக்கு மனு கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். கீழே உள்ள குடியிருப்பில்தான் அவருக்கும் அவர் மனைவிக்கும் வீடு. தண்ணீர் பாதியானதும் அவருக்கு வேலையும் பாதியானது. ஆனாலும் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "சாரே, எங்கட பெண்ணுங்க ரெண்டு மைல் நடக்கா. இனி அது வேண்டா, இல்லே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். மரங்கள் பச்சையாகத்தான் இருந்தன. எனக்குச் சந்தோஷம். கீழே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்து ரிப்போர்ட்டில் எழுதலாமென்று ஓடையை ஒட்டியே நடந்தேன்.

ஐந்தாவது தோட்டத்தில் அணை முன்பு பார்த்ததைவிட ஒரு முழம் உயர்ந்திருந்தது. புது மண். பழைய கமுக மரங்களை அறுத்துக் குறுக்கே அடுக்கியிருந்தார்கள். மேற்புறம் தண்ணீர் நிறைந்து நின்றது. கீழ்ப்புறம் காய்ந்த கூழாங்கல். கொஞ்ச தூரம் தள்ளி நாலு பெண்கள் ஓடைமணலில் குழி தோண்டி, ஊறி வரும் கலங்கல் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே கரையில் இரண்டு மாடுகள் நின்றன.

அந்தத் தோட்டத்துப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன்.

"அந்த அம்மா விட்ட தண்ணி குடியிருப்புக்கு. நீங்க மடக்கிட்டீங்களே?"

அவர் கோபப்படவே இல்லை. "அவங்க வேண்டான்னு விட்டது. என் பறம்பு, என் தோட்டம் வழி வந்தது. நான் எடுத்தேன். அதில் எந்தா தெற்று சாரே? மேல உள்ள மூணு பேரும் எடுக்கலையா? அவங்கட்ட கேட்டோ?"

கேட்கவில்லைதான். மேலே போய்க் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அதைவிட, அக்காவிடம் போய் 'நீங்கள் விட்ட தண்ணீர் அடுத்த தோட்டத்துக் கமுகுக்குப் போகிறது' என்று சொன்னால் அன்றைக்கே அவர் பழையபடி தண்ணீர் விட ஆரம்பித்துவிடுவார். ஐந்து தோட்டத்தில் ஒரே ஒரு தோட்டம்தான் என் பேச்சைக் கேட்டிருந்தது. ரிப்போர்ட்டில் எழுத அதுதான் இருந்தது. அவருடைய வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.

'ஒரு தோட்டத்தில் பாசனம் பாதியாகக் குறைக்கப்பட்டது. மரங்கள் நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாக்கியமும் உண்மைதான். ஆபீஸர் "பேஷ்" என்றார்.

பங்குனி நடுவில் போனபோது அக்கா விளக்குமாற்றால் மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முறம் நிறையச் சின்னச் சின்னப் பச்சைப் பிஞ்சுகள், சுண்டைக்காய் அளவு. தோட்டம் முழுக்க அப்படி உதிர்ந்து கிடந்தது. காலை வைத்தால் நசுங்கியது.

"வருஷாவருஷம் கொஞ்சம் உதிரும். இப்படி உதிர்ந்து நான் பாத்ததில்ல" என்றார். "மாசி, பங்குனியிலதான் பிஞ்சு பிடிக்குது தம்பி. அந்தச் சமயத்துல போய்த் தண்ணியக் குறைச்சிட்டோமோ?"

அண்ணாந்து பார்த்தேன். புதிதாக விரிந்த பூக்குலைகள் நுனி கருகியிருந்தன. கீழ் மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின.

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்க. கோடை மழை வந்துரும்."

அவர் விளக்குமாற்றைச் சாத்தி வைத்தார். யோசித்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"கீழ அந்தப் பொம்பளைங்களுக்குத் தண்ணி கிடைக்குல்லா?"

"கிடைக்கு அக்கா."

"அப்பம் சரி. பிஞ்சு போனா அடுத்த வருஷம் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மற்றப் பொய்களோடு சேர்த்து என்னால் மறக்க முடியவில்லை.

கோடை மழை வரவில்லை. சித்திரை இரண்டாம் வாரத்தில் நான் போன அன்று வாய்க்காலில் கோருவையோடு அக்காவே நின்றுகொண்டிருந்தார். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். அடிக்கிற தண்ணீர் மரத்தின் மூட்டுவரை எட்டவில்லை. வழக்கமாகத் தண்ணீர் அடிக்கிற ஆள் எங்கே என்று கேட்டேன்.

"அவன் பெண்டாட்டி செத்துப் போயிட்டா. இன்னைக்கு மூணு நாளாகுது. வாந்தி, பேதி. ஒரு பகல் முழுக்கத் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கிடந்தாளாம்." வாய்க்காலிலிருந்து ஏறி என் எதிரில் வந்து நின்றார். "ஊத்துக்குழித் தண்ணியக் குடிச்சதுல வந்த தீனம்னு சொல்லுதாங்க. ஓடையில தண்ணி போகும்போது அவ எதுக்குத் தம்பி குழித் தண்ணியக் குடிக்கணும்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் போகவில்லை என்று சொன்னேன். அடுத்த தோட்டத்துக்காரர் அணையை உயர்த்தி எடுத்துக்கொள்கிறார் என்று சொன்னேன்.

"உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"மாசிக் கடைசியில."

"போன தடவை வந்தப்பவும் தெரியும்."

"தெரியும் அக்கா."

அவர் கால் சேற்றைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குள் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையோடு இறங்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

முதலில் குடியிருப்புக்குத்தான் போனார். அந்த மனிதர் குடிசை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாத முகம். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அங்கன தண்ணிய மடக்குதான்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"கொச்சம்மாவுக்கு அறியும்னு நான் கருதினேன்" என்றார் அவர். எஜமானியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சார் அன்னு வந்து நோக்கிட்டுப் போனார். எல்லாரும் கண்டு. சார் பறஞ்சிருப்பார்னு கருதினேன்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அங்கிருந்து நேராக ஐந்தாவது தோட்டத்து அணைக்குப் போனார். பெண்கள் ஏழெட்டுப் பேர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார்கள். அந்த மனிதரும் வந்தார், ஆனால் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் மண்வெட்டியை வாங்கக் கையை நீட்டினேன்.

"வேண்டாம். நீங்க ஆபீஸ்காரர். நின்னு பாருங்க. பாத்ததை எழுதுங்க."

அணையின் நடுவில் வெட்டத் தொடங்கினார். இரண்டு மாதம் காய்ந்த மண் சுலபமாக வரவில்லை. பெண்களில் இரண்டு பேர் இறங்கிக் கையாலேயே மரத்துண்டுகளை இழுத்தார்கள். சத்தம் கேட்டுத் தோட்டக்காரர் வந்துவிட்டார். பின்னால் இரண்டு ஆட்கள்.

"நிர்த்து! இது யாருட பறம்பு?" என்று கத்தினார்.

அக்கா நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. "நான் என் மரத்தைக் காய விட்டு விட்ட தண்ணி இது. உங்களுக்கு விடல. ஒருத்தி செத்துட்டா. இன்னும் எத்தனை பேரு சாகணும், சொல்லுங்க" என்றார்.

அந்தப் பெரியவர் கரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அவர் திரும்பப் பார்க்கவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெட்டிய இடத்தின் வழியாகத் தண்ணீர் முதலில் மண்ணோடு கொழகொழவென்று வந்தது. காய்ந்த கல்லெல்லாம் குடித்ததுபோக அது குடியிருப்புவரை போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆனதாகச் சொன்னார்கள்.

பார்த்ததை அப்படியே எழுதினேன். நான் மறைத்ததையும் எழுதினேன். ஆபீஸர் படித்துவிட்டு, "உம்மைத் தண்ணியைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேனா, அணையை வெட்டறதை வேடிக்கை பார்க்க அனுப்பினேனா?" என்று கேட்டார். எனக்கு மெமோ வந்தது. ரிப்போர்ட் எங்கேயும் போகவில்லை. வைகாசியில் மழை பிடித்ததும் ஓடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மழை பெய்தால் மரம் தேறிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். கமுகு அப்படியல்ல. அந்த ஆண்டு பறிக்க ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டில்தான் அடி விழுந்தது. மரங்களின் தலை மெல்ல மெல்லச் சிறுத்தது. மட்டைகள் குட்டையாகி, குருத்து பழுத்து, ஆனி ஆடிக் காற்றில் கொண்டை முறிந்து விழுந்தது. தலையில்லாமல் வெறும் தூணாக நின்ற மரங்களை அக்கா ஆள் வைத்து வெட்டினார். மேட்டுப் பகுதியில் பாதிக்குமேல் போய்விட்டது. நானூற்றில் நூற்றைம்பது மரம் போயிற்று. கீழே ஐந்தாவது தோட்டத்தில் ஒரு மரம்கூடச் சாகவில்லை.

மனைவியை இழந்தவர் ஒரு மாதம் கழித்து அக்காவிடமே வேலைக்குத் திரும்பினார். என்னிடம் அதன் பிறகு அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் போகும்போதெல்லாம் வாய்க்காலில் வேறு பக்கம் திரும்பி நிற்பார்.

அப்படியும் நான் போய்க்கொண்டிருந்தேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றி அவர் விடவில்லை. கோடை எந்த வருஷமும் மோசமாகலாம், அன்றைக்கு என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. எஞ்சிய வரிசைகளை அவரே பிரித்துக்கொண்டார். ஒரு வரிசைக்கு மார்கழியிலும் தையிலும் தண்ணீரைக் குறைத்து, மாசி பிறந்ததும் முழுசாக விடுவார். இன்னொன்றுக்கு மூட்டில் சருகும் மட்டையும் கணுக்கால் உயரம் பரப்பிவிட்டுக் குறைப்பார். வேறொன்றுக்குக் குறைக்கவே மாட்டார். உதிரும் பிஞ்சுகளை வரிசைவாரியாகக் கூட்டி எண்ணுவார். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். மூன்று கோடை அப்படிப் போயிற்று. பிஞ்சு பிடிக்கிற காலத்தைத் தவிர்த்து, சருகு மூடாக்குப் போட்டுக் குறைத்தால் மரம் பொறுத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. செம்மண் மேட்டில் எட்டு நாளைக்குமேல் பொறுக்காது என்பதும் தெரிந்தது. முதல் நாள் அவர் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இதுதான். அதை அவரேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதையெல்லாம் தொகுத்து ஆபீஸில் கொடுத்தேன். புது ஆபீஸர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்திருந்தது. மலையாளத்தில் ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சடித்தார்கள். அக்காவின் பெயர் அதில் இல்லை. சேர்க்கும்படி நான் கேட்டேன். தனிப்பட்டவர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்றார்கள். நான் இன்னொரு முறை கேட்கவில்லை.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்று முடிவான வருஷம் அது. எங்கள் ஊர் மதராஸோடு போகிறது. நாகர்கோவிலுக்கு மாற்றல் எழுதிக் கொடுத்திருந்தேன். போகும் முன் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு வித்துராவுக்குப் போனேன். அக்காவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தமிழில் சொல்லும்படி கேட்டார். வரிவரியாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருங்க. மேட்டுப் பூமிக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம்னு போட்டிருக்கு?"

மறுபடி பார்த்தேன். "பத்து நாள்."

"பத்தா? எட்டுன்னுல்லா சொன்னேன். பத்து நாள் விட்டா செம்மண்ணுல மரம் நிக்காது தம்பி. யாரு பத்துன்னு போட்டது?"

நான் எட்டு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆபீஸர் மாற்றினாரோ, அச்சுக் கோத்தவர் மாற்றினாரோ, தெரியவில்லை. அச்சாவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டும். மாற்றல் அவசரத்தில் பார்க்கவில்லை.

"திருத்தச் சொல்லுங்க" என்றார்.

"எல்லா இடத்துக்கும் அனுப்பியாச்சு அக்கா."

அவர் பிரசுரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அப்பம் எத்தனை மரம் சாகப் போகுதோ" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நாகர்கோவிலில் வேலையில் சேர்ந்த முதல் வாரமே திருவனந்தபுரத்துக்குக் கடிதம் எழுதினேன். பத்து என்பது தவறு, எட்டு என்று திருத்தி எல்லாருக்கும் மறுபடி தெரிவிக்க வேண்டும் என்று. பதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதினேன். அதற்குள் அது வேறு மாநிலத்து ஆபீஸாகிவிட்டது.